தேதி போடாத வவுச்சர்

நவம்பர் பிறந்துவிட்டால் என் ஆபீஸில் கூட்டம் அதிகம். (ஆபீஸ் என்றதும் பெரிதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். இளம்பிள்ளை கடைவீதியில் ஒரு சேலைக் கடையின் மாடி. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரின்டர், இரண்டரை நாற்காலி.) தறிக்காரர்களின் ஜி.எஸ்.டி. ஃபைல்களுக்கு நடுவே பென்ஷன்காரர்கள் வரிசையில் நிற்பார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை, தாங்கள் இன்னும் உயிரோடுதான் இருக்கிறோம் என்று அவர்கள் அரசாங்கத்துக்கு நிரூபிக்க வேண்டும். கைரேகை மெஷினில் விரலை வைத்தால் 'ஆமாம், இருக்கிறார்' என்று தகவல் போய்விடும். ஆள் எதிரே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பார், மெஷின் ஒப்புக்கொள்ளாது. தறி ஓட்டித் தேய்ந்த விரல்கள்!

போன நவம்பரில் பட்டாளத்து மாமா வந்தார். எனக்குச் சொந்த மாமா இல்லை, தெருவுக்கே மாமா. விரலை வைத்தார். பச்சை விளக்கு எரிந்தது.

"மெஷின் என்ன கண்ணு சொல்லுது?"

"உசுரோட இருக்கீங்கன்னு சொல்லுதுங்க மாமா."

"அதுக்கென்ன தெரியும்" என்றார்.

ஜோக் என்று நினைத்துச் சிரித்தேன். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். எங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு விசைத்தறி. பிறந்த குழந்தை முதலில் கேட்பது தாலாட்டு அல்ல, 'சடக் சடக்' என்று நாடா ஓடும் சத்தம். அதிலேயே தூங்குவோம், அதிலேயே பரீட்சைக்குப் படிப்போம், அதற்கு மேலே கத்தித்தான் காதலையும் சொல்வோம். கரண்ட் போனால் அத்தனை தறியும் ஒரே நொடியில் நிற்கும். அப்போது ஒரு நிசப்தம் வரும் பாருங்கள், காதுக்குள் யாரோ பஞ்சை அடைத்த மாதிரி. தூங்குகிறவன் எழுந்து உட்கார்ந்துவிடுவான்.

நான் நிமிர்ந்து பார்த்தபோது நாற்காலியில் மாமா இல்லை. டேபிளுக்கு அடியில் இருந்தார். முதுகு சுவரோடு ஒட்டியிருந்தது. டீ கொண்டு வந்த பையனையும் இழுத்துத் தன் உடம்புக்குக் கீழே போட்டு மூடியிருந்தார். வரிசையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை மறைத்து எழுத மனசு வரவில்லை.

கரண்ட் வந்தது. மாமா எழுந்தார். பையனின் சட்டையைத் தட்டிவிட்டார். யாரையும் பார்க்காமல் படியிறங்கிப் போய்விட்டார். செருப்பு என் ஆபீஸ் வாசலிலேயே கிடந்தது.

தமிழ் சினிமாவில் பட்டாளத்துக்காரர் இரண்டே வகை. கிளைமாக்ஸில் தேசியக் கொடி போர்த்திக்கொண்டு வருகிறவர் ஒருவர். டிரங்குப் பெட்டியும் ரம் பாட்டிலுமாக வந்து, "நான் பார்டர்ல இருந்தப்போ..." என்று ஆரம்பித்ததுமே எல்லோரும் எழுந்து ஓட, தனியாக நிற்கிற காமெடியன் இன்னொருவர். எங்கள் மாமா இரண்டிலும் சேராததால், சின்ன வயதில் நாங்களே அவருக்கு ஒரு காமெடி ரோல் கொடுத்திருந்தோம். 'கதவில்லாத வீட்டுக்காரர்'. அவர் வீட்டில் உள்ளறைகள் எதற்கும் கதவு கிடையாது. எல்லாவற்றையும் கழற்றி மொட்டை மாடியில் போட்டிருந்தார். திரைச்சீலை மட்டும் தொங்கும். பெரியவர்கள் வாஸ்து கோளாறு என்றார்கள். நாங்கள் வேறு காரணங்கள் சொல்லிச் சிரித்தோம்; அவற்றைப் பத்திரிகையில் எழுத முடியாது. தீபாவளிக்கு முதல் நாளே அவர் ஊரில் இருக்க மாட்டார். கஞ்சமலை அடிவாரத்துச் சித்தர் கோயிலுக்குப் போய்விடுவார். தீபாவளியை ஒட்டி அமாவாசை வரும். அங்கே அமாவாசை விசேஷம். ஆகவே 'மாமாவுக்குப் பக்தி ஜாஸ்தி' என்று ஊரே தீர்ப்பு எழுதியிருந்தது. வெடிச் சத்தம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

செருப்பை எடுத்துக்கொண்டு அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். "மன்னிச்சுக்கோங்க மாமா, சிரிச்சிட்டேன்" என்றேன். "பரவாயில்ல கண்ணு, நானா இருந்தாலும் சிரிச்சிருப்பேன்" என்றார். அத்தை காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் அங்கேயே நின்றார். அப்புறம் மாமா, சுவரைப் பார்த்தபடி, ஒரு மணி நேரம் பேசினார். கல்யாணமாகி முப்பது வருஷத்துக்கு மேல் ஆன அத்தைக்கே அதில் பாதி புதுசு.

1987 ஜூலை 29-ம் தேதி இந்திய - இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தாகி, அமைதிப்படை அங்கே போனது பழைய பேப்பர் படித்தவர்களுக்குத் தெரியும். அமைதி காக்கப் போனவர்களுக்கும் புலிகளுக்கும் அக்டோபரில் சண்டை மூண்டது. மாமாவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. படையில் சுமார் 1,200 பேர் திரும்பி வரவில்லை. யாழ்ப்பாணத்து ஜனங்கள் பட்ட பாடும் சின்னதல்ல. அந்த அக்டோபர் 21-ம் தேதி யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள்ளேயே டாக்டர்கள், நர்ஸுகள், நோயாளிகள் என்று பலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

வீடு வீடாகச் சோதனை போடும்போது மாமாவைத்தான் முன்னால் அனுப்புவார்களாம். காரணம், தமிழ் தெரியும். முதல் நாள்தான் கண்ணிவெடியில் அவருடைய பங்காளி மாதிரியான ஒரு சிநேகிதன் போயிருக்கிறான். வெடிப்பதற்கு முன்னால் அந்தப் பனங்காட்டில் ஒரு நிசப்தம் இருந்ததாம். காக்காய் கூடக் கத்தவில்லை என்றார். மறுநாள் ஒரு வீடு. சாத்திய கதவு. உள்ளேயிருந்து ஒரு பெண் குரல். 'சுடாதேங்கோ, பிள்ளை இருக்கு.'

"என்கூட நின்னது ஆறு பேர் கண்ணு. அவங்களுக்கு அது வெறும் சத்தம். எனக்கு மட்டும்தான் புரிஞ்சுது. நான் இந்தியில சொல்றதுக்குள்ள..."

அதற்குப் பிறகு நடந்ததை அவர் என்னிடம் சொன்னார். நான் உங்களிடம் சொல்லப்போவதில்லை. கதவில்லாத வீட்டின் வாஸ்து மட்டும் எனக்குப் புரிந்துவிட்டது.

"இத்தனை வருஷம் ஏன் மாமா யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னா, நீ எந்தப் பக்கம்னு கேப்பாங்க" என்றார்.

அது நிஜம். அவர் லீவில் வந்தபோது சேலம் பஸ் ஸ்டாண்டில் யூனிஃபாரத்தைப் பார்த்துவிட்டு ஒருத்தர், "நம்ம சனத்தையே சுட்டுட்டு வர்றியா?" என்று கேட்டிருக்கிறார். 1990 மார்ச்சில் கடைசிப் படைகள் கப்பலில் சென்னைக்கு வந்து இறங்கியபோது, வரவேற்க அன்றைய முதலமைச்சர் போகவில்லை. அதன் நியாய அநியாயத்தைப் பேச இந்தப் பக்கம் போதாது. வாசகர் கடிதங்களையும் என்னால் தாங்க முடியாது. எனக்கு உறைத்தது வேறு. அந்தக் கப்பல்களில் வந்தவர்களில் தமிழ் தெரிந்தவர்களும் இருந்தார்களே, அவர்கள் காதில் விழுந்ததை எங்கே போய் இறக்கி வைத்திருப்பார்கள்?

இந்த நோய்க்கு ஆங்கிலத்தில் போஸ்ட் ட்ரமாட்டிக் ஸ்ட்ரெஸ் டிஸார்டர் என்று பெயர். சுருக்கமாக பி.டி.எஸ்.டி. யாழ்ப்பாணத்துத் தமிழில் 'மனவடு' என்கிறார்கள். எவ்வளவு நல்ல வார்த்தை! காயம் ஆறின பிறகும் இருப்பதுதானே வடு. தயா சோமசுந்தரம் என்ற மனநல டாக்டர், யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில் யாழ்ப்பாணத்திலேயே இருந்து வைத்தியம் பார்த்தவர். தமிழ் ஜனங்களின் மனதில் யுத்தம் போட்ட வடுக்களைப் பற்றி 1998-ல் 'ஸ்கார்டு மைண்ட்ஸ்' என்று புத்தகமே எழுதியிருக்கிறார். மாமா நின்ற கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களின் டாக்டர். இரண்டு பக்கத்துக்கும் வியாதி ஒன்றுதான் என்பதை நினைத்தால் எனக்கு என்னவோ செய்கிறது.

நான் பி.காம். மூளையைப் பற்றி எழுத எனக்கு லைசென்ஸ் கிடையாது. ஆனால் சேலத்து டாக்டர் ஒருவர் விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன். மூளைக்குள் அமிக்டலா என்று ஒரு வாட்ச்மேன் இருக்கிறான். ஆபத்து என்றால் விசில் அடிப்பது அவன் வேலை. ஹிப்போகேம்பஸ் என்று ஒரு கணக்குப்பிள்ளை. நடந்த ஒவ்வொன்றுக்கும் இடம், தேதி போட்டு ஃபைலில் சேர்ப்பது இவன் வேலை. தாங்க முடியாத ஒன்று நடக்கும்போது வாட்ச்மேன் அடிக்கிற விசிலில் கணக்குப்பிள்ளை தேதி போட மறந்துவிடுகிறான். அந்த வவுச்சர் தேதியில்லாமல் டிராயரில் கிடக்கும். ஒரு வாசனை, ஒரு சத்தம், அல்லது ஒரு நிசப்தம் டிராயரைத் திறந்துவிட்டால் போதும். தேதியில்லாத வவுச்சர் ஆச்சே, இன்றைக்கு நடந்ததாகவே பாஸ் ஆகிவிடும்! மாமா 1987-ஐ நினைத்துப் பார்க்கவில்லை ஸார். என் டேபிளுக்கு அடியில் அவர் 1987-ல்தான் இருந்தார்.

எல்லாச் சொத்துக்கும் வருஷா வருஷம் தேய்மானம் போட எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இந்த ஒன்றுக்குத் தேய்மானமே கிடையாது. அமெரிக்காவில் வியட்நாம் யுத்தம் முடிந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆன பிறகு ஒரு பெரிய ஆய்வு செய்தார்கள். அங்கே போய் வந்த ஆண்களில் சுமார் 15 சதவிகிதம் பேருக்கு அப்போதும் இது இருந்தது. மற்றவர்களுக்கு இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். பட்டாளம் போனவரெல்லாம் இப்படி ஆகிவிடுவதில்லை. ஆபத்து நடந்த சில நாள் எல்லோருக்கும்தான் தூக்கம் கெடும். ஒரு மாதத்துக்கு மேலும் கெட்ட கனவு, திடுக்கிடல், எரிச்சல், குறிப்பிட்ட இடத்தையும் பேச்சையும் தவிர்ப்பது, யாரோடும் ஒட்டாமல் போவது என்று நீடித்தால்தான் டாக்டர்கள் இந்தப் பெயரை வைக்கிறார்கள். விபத்தில் தப்பியவர்களுக்கும், பலாத்காரத்துக்கு ஆளான பெண்களுக்கும் இதே வியாதி வரும்.

பெயரே 1980-ல்தான் வந்தது. வியட்நாமிலிருந்து திரும்பியவர்கள் போராடியதற்கு அதில் பங்கு உண்டு. முதல் உலக யுத்தத்தில் 'ஷெல் ஷாக்' என்றார்கள். சார்லஸ் மையர்ஸ் என்ற டாக்டர் 1915-ல் அந்தப் பெயரோடு 'லான்செட்' பத்திரிகையில் எழுதினார். குண்டு பக்கத்தில் வெடித்த அதிர்ச்சியில் மூளை கலங்கிவிட்டது என்று முதலில் நினைத்தார்கள். அப்புறம் பார்த்தால், குண்டே விழாத இடத்தில் இருந்தவனும் நடுங்கினான். சரி, நடிக்கிறான் என்று முடிவு கட்டினார்கள்! பேச்சு வராதவனின் தொண்டையில் கரண்ட் வைத்துப் பேசவைத்த லூயிஸ் யெலண்ட் என்ற டாக்டர் லண்டனில் இருந்தார். ஓடிப்போனது, கோழைத்தனம் போன்ற குற்றங்களுக்காக பிரிட்டிஷ் ராணுவம் சுட்டுக்கொன்ற தன் சிப்பாய்களில் 306 பேருக்கு 2006-ல்தான் மன்னிப்பு வழங்கினார்கள். தொண்ணூறு வருஷம் லேட்.

அந்தக் கூட்டத்தில் வித்தியாசமாக ஒருவர் இருந்தார். டபிள்யூ. ஹெச். ஆர். ரிவர்ஸ். நமக்கு ஒரு வகையில் பக்கத்து ஊர்க்காரர் என்று கூடச் சொல்லலாம். ஊட்டி பொட்டானிக்கல் கார்டனுக்கு மேலே தோடர்களின் மந்து ஒன்று இருக்கிறது. ஹனிமூனில் போட்டோ எடுத்துக்கொண்டிருப்பீர்கள். 1901-02-ல் நீலகிரிக்கு வந்து, தோடர்களிடம் உட்கார்ந்து, யார் யாருக்குப் பாட்டன், எந்த எருமை எந்தக் கோயிலைச் சேர்ந்தது என்று பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டு போய், 1906-ல் 'தி தோடாஸ்' என்று தடிப் புத்தகம் போட்டவர் இவர். அதே மனிதர் யுத்தத்தின்போது ஸ்காட்லாந்தில் க்ரெய்க்லாக்ஹார்ட் ஆஸ்பத்திரியில் ஷெல் ஷாக் ஆபீஸர்களுக்கு வைத்தியம் பார்த்தார். கவிஞர் சிக்ஃப்ரீட் சசூன் 1917-ல் அங்கே இவரிடம் வந்து சேர்ந்தார். மற்ற டாக்டர்கள் 'அதையெல்லாம் மறந்துடுப்பா, நல்லதா நாலு விஷயத்தை நினை' என்று சொல்லி அனுப்பியபோது, ரிவர்ஸ் நேர் எதிராகச் சொன்னார்: மறக்கப் பாடுபடுவதுதான் இவர்களை வதைக்கிறது, அதைப் பேச விட வேண்டும். நீலகிரியில் எருமைக் கதை கேட்ட அதே காதை இங்கேயும் கொடுத்தார். அவ்வளவுதான் வைத்தியம்.

நாங்கள் மாமாவுக்கு என்ன வைத்தியம் பார்த்திருந்தோம்? அத்தை பட்டியல் சொன்னார். தாயத்து, மந்திரித்த கயிறு, குலதெய்வத்துக்குக் கிடா. ராணுவத்தில் இருக்கும்போதே டாக்டரிடம் போயிருக்கலாமே என்றேன். மாமா சிரித்தார். அங்கே உடல் தகுதிக்கு 'ஷேப்' என்று ஒரு மார்க் ஷீட். அதில் முதல் எழுத்தே மனநிலைக்கு. அது கொஞ்சம் இறங்கினாலும் பிரமோஷனுக்குக் கண்டம். ஆகவே கேன்டீன் கோட்டா ரம்தான் டாக்டர். ரம் தூங்க வைக்கும். விடியற்காலை மூன்று மணிக்கு வட்டியோடு எழுப்பிவிடும்.

இப்போது வைத்தியம் நன்றாகவே வந்திருக்கிறது. ரிவர்ஸ் சொன்னதை ஒழுங்குமுறையாக்கி, எட்னா ஃபோவா என்ற அம்மாள் அமெரிக்காவில் வளர்த்தெடுத்த முறை ஒன்று. வாரம் ஒரு நாள் ஒன்றரை மணி நேரம். கண்ணை மூடிக்கொண்டு, அந்த நாளை இப்போது நடப்பது போலவே முதலிலிருந்து கடைசி வரை சொல்ல வேண்டும். சொன்னதையே திரும்பச் சொல்ல வேண்டும். அதை ரிக்கார்டு செய்து வீட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள். தினமும் கேட்க வேண்டும். கேட்கக் கொடுமையாக இருக்கிறதல்லவா? மூன்றாவது, நாலாவது வாரத்தில் கணக்குப்பிள்ளை மெல்ல எழுந்து வந்து வவுச்சரில் தேதி போட ஆரம்பிக்கிறான். கூடவே, தவிர்த்துவந்த விஷயங்களைச் சுலபமானதிலிருந்து கஷ்டமானது வரை வரிசை போட்டு ஒவ்வொன்றாக எதிர்கொள்ள வேண்டும். விரலை இப்படியும் அப்படியும் ஆட்டி, கண்ணால் அதைத் தொடரச் சொல்லிக்கொண்டே பழசை நினைக்க வைக்கிற ஈ.எம்.டி.ஆர். என்ற முறையும் உண்டு. முதலில் படித்தபோது கண்கட்டு வித்தை என்றுதான் நினைத்தேன். பலன் இருக்கிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. விரலால்தானா என்பதில் டாக்டர்களுக்குள் இன்னும் சண்டை. செர்ட்ராலின், பராக்ஸிட்டின் மாதிரி மாத்திரைகள் சிலருக்கு உதவுகின்றன. மெடிக்கல் ஷாப்பில் நாமாகக் கேட்டு வாங்குகிற தூக்க மாத்திரை மட்டும் கூடவே கூடாதாம்.

எல்லோருக்கும் முழுசாகக் குணமாகிறது என்று கதை விட மாட்டேன். பாதியில் நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு. மாமாவே இரண்டாவது வாரம், "கண்ணு, இன்னிக்கு மழை வர்ற மாதிரி இருக்குது" என்று நழுவப் பார்த்தார். வானம் வெள்ளை வேட்டி மாதிரி இருந்தது. பைக்கில் ஏற்றிச் சேலம் கூட்டிப்போனேன்.

செலவைப் பற்றி: முன்னாள் ராணுவத்தினருக்கு ஈ.சி.ஹெச்.எஸ். என்று மருத்துவத் திட்டம் 2003-லிருந்து இருக்கிறது. சேலத்திலேயே பாலிகிளினிக் உண்டு. மாமாவிடம் கார்டு இருந்தது. சர்க்கரை மாத்திரைக்கு மட்டும் உபயோகித்துக்கொண்டிருந்தார்! கார்டு இல்லாதவர்களுக்குச் சேலம் பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. போன் செய்வதே பெரிய விஷயம் என்பவர்களுக்கு 14416. 'டெலி மனஸ்' என்ற மத்திய அரசின் இலவச சேவை, 2022-ல் ஆரம்பித்தது. தமிழிலேயே பேசலாம். எந்தப் பக்கம் என்று கேட்க மாட்டார்கள்.

மாமாவின் வரிசைப் பட்டியலில் முதல் ஐட்டம், நிசப்தம். அதை எங்கே போய் வாங்குவது? கரண்ட் நினைத்தபோது போகும், நமக்கு வேண்டியபோது போகாது. அத்தையின் தம்பிக்கு எட்டுத் தறி இருக்கிறது. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு எட்டுத் தறியையும் ஒரு நிமிஷம் நிறுத்துவது என்று ஏற்பாடு. மாமா நடுவில் ஸ்டூல் போட்டு உட்காருவார். முதல் நாள் நானும் போயிருந்தேன். சுவிட்சை அணைத்ததும் அவர் கழுத்தில் வேர்வை ஓடுவது தெரிந்தது. ஸ்டூலின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். ஆனால் ஸ்டூலிலேயே இருந்தார். இரண்டாவது வாரம் மூன்று நிமிஷம். அப்புறம் ஐந்து. இப்போது பத்து நிமிஷம் போகிறது. நேற்றுத் தறிக்காரப் பையனிடம் டீ வாங்கிவரச் சொன்னாராம்.

மாடியிலிருந்து ஒரு கதவு கீழே இறங்கியிருக்கிறது. இன்னும் மாட்டவில்லை. கீல் துருப்பிடித்திருக்கிறது என்று மாமா சொல்கிறார். அத்தை நம்பவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை.

மச்சான்காரர் மட்டும் போன வாரம் ஒரு துண்டுச் சீட்டோடு என் ஆபீஸுக்கு வந்தார். எட்டுத் தறி, தினம் பத்து நிமிஷம், மாசத்துக்கு இத்தனை சேலை நஷ்டம் என்று பைசா சுத்தமாகப் போட்டிருந்தார். "மாமனுக்காகச் செய்யறதுதான், நான் கேக்கல. ஆனா கணக்குன்னு ஒண்ணு இருக்குதுல்ல? இதை எந்தத் தலைப்புல எழுதுவீங்க?" என்றார்.

ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, 'பழுது பார்ப்பு, பராமரிப்பு' என்று எழுதி, மறக்காமல் தேதி போட்டேன்.